தட்டுக்கு வைத்த மூன்று பொட்டு

1

சனிக்கிழமைகளில் நான் முன்பின் தெரியாதவர்களின் இசைத்தட்டுகளைக் கழுவுகிறேன்.

லைப்சிக் நகரத்தில், ரயிலடிக்குப் பின்னால் ஒரு பழைய ரெக்கார்டு கடை. யாரோ இறந்துபோன வீட்டிலிருந்தும், யாரோ பிரிந்துபோன வீட்டிலிருந்தும் பெட்டி பெட்டியாக வரும். வார நாட்களில் எனக்கு ஒரு பம்ப் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை. பம்ப் பட்டறைகள் நிறைந்த கோவைச் சிங்காநல்லூரில் பிறந்தவள் பம்ப்பிடமிருந்து தப்பித்து எங்கே போய்விட முடியும்? சனிக்கிழமை மட்டும் கடையின் பின்னறை, ஒரு தொட்டி, ஒரு மெல்லிய பிரஷ், நான். சம்பளம் வாங்க என் விசா விடாது. ஆசைக்குத்தான் போகிறேன்.

முதல் நாள் கடைக்காரி என் கையில் ஒரு தட்டைக் கொடுத்துவிட்டு நான் எப்படிப் பிடிக்கிறேன் என்று பார்த்துக்கொண்டே நின்றாள். நான் தோசையைத் திருப்புகிறவள் மாதிரி விரலை நீட்டிப் பிடித்தேன். அவள் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. விளிம்பில் உள்ளங்கை, நடுவிலிருக்கும் காகித வட்டத்தில் விரல் நுனி. வேறு எங்கும் கை படக்கூடாது. விரலில் இருக்கும் எண்ணெய்ப் பசை போதும், தூசி வந்து குடியேறிவிடும். குழாய்த் தண்ணீர் ஆகாது, அதிலிருக்கும் உப்பு காய்ந்து பள்ளத்தில் உட்காரும். காய்ந்த அழுக்கை உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. முதலில் ஊற வேண்டும். பிரஷ் பள்ளத்தோடு போக வேண்டும், குறுக்கே போகக்கூடாது. கழுவியதைப் புத்தகம் மாதிரி நிறுத்தி வைக்க வேண்டும். படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும்.

இதையெல்லாம் நான் இவ்வளவு வெறியோடு கற்றுக்கொண்டது இந்த ஊர்த் தட்டுகளுக்காக இல்லை. சிங்காநல்லூரில், எங்கள் வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்த ஒரே ஒரு தட்டுக்காக.

2

உள்ளங்கையை விரித்தால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சின்னத் தட்டு அது. அம்மாவுக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஆனைமலைப் பக்கத்தில் அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கட்டட நிதிக்காகப் பிள்ளைகளைப் பாட வைத்து இந்தத் தட்டைப் போட்டார்களாம். ஒரு பக்கம் எல்லாரும் சேர்ந்து பாடியது. மறுபக்கம் மழையைக் கூப்பிடும் ஒரு பாட்டு. அதில் நடுவில் இரண்டு வரி ஒரு பெண் தனியாகப் பாடுகிறாள். காகித வட்டத்தில் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது: தனிக்குரல், கு. பூங்கொடி. அதுதான் அம்மா.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோதுதான் அது என் கண்ணில் பட்டது. இத்தனை வருஷமாய் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதைக் கேட்க வீட்டில் கருவியும் இருந்ததில்லை.

அம்மாவுக்கு இப்போது குரல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் கழுத்தில் தைராய்டுக் கட்டியை எடுத்தார்கள். கட்டி போனது, கூடவே குரலும் போனது. இப்போது காற்று மட்டும்தான் வருகிறது. மிக்ஸி ஓடினால் அம்மா பேசுவது கேட்காது. காய்கறிக்காரர் வந்தால் கைதட்டிக் கூப்பிடுகிறாள். போனை எடுப்பதையே விட்டுவிட்டாள். "எடுத்து என்ன பண்றது, அந்தப் பக்கம் 'ஹலோ ஹலோ'ன்னு கத்திட்டு வெச்சுப்போடறாங்க" என்று சைகையும் காற்றுமாகச் சொன்னாள்.

ஆபரேஷன் அன்றைக்கு நான் இங்கே இருந்தேன். இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் என் குடியிருப்பு அட்டை புதுப்பிக்கப் போயிருந்தது. அதுவரை கையில் ஒரு தற்காலிகத் தாளைக் கொடுத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டு இங்கே இருக்கலாம், வேலைக்குப் போகலாம். நாட்டை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டதற்கு, அலுவலகக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மையார் "நான் போகச் சொல்ல மாட்டேன்" என்றார். போகவில்லை. அவ்வளவுதான் கதை. இதை எத்தனை விதமாகச் சொன்னாலும் எனக்கே சமாதானமாகவில்லை.

அம்மா பேசுகிற குரல் என் போனில் பழைய பதிவாக நூறு இருக்கிறது. சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்தினாயா, ஏன் எடுக்கவில்லை. பாடுகிற குரல் உலகத்திலேயே ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அந்த இரண்டு வரி.

3

தட்டை நானே எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்த்தேன். அம்மா பீரோச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். "அது ஊட்டை உட்டுப் போகாது."

உக்கடத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் ரஹீம் பாயிடம் பழைய பிளேயர் இருக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். "என்கிட்ட இருக்கறது ஊசி இல்லீங்கம்மா, ஆணி. கல்யாண ஊட்டுல கொழாய் கட்டிப் பாட்டுப் போட்ட ஆணி. இதுல வெச்சா உழுதுபோடும். வேண்டாம்."

அந்த மனுஷருக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

இங்கே திரும்பியதும் நல்ல பிளேயர் ஒன்று தேடிப் பிடித்தேன். ஊசியின் எடையை நானே தராசு வைத்துச் சரி செய்தேன். தீபாவளி விடுப்புக்கு முன்கூட்டியே பீளமேட்டுக்குப் போன என் கூட்டாளி அதைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போய் அப்பாவிடம் சேர்த்தான். ஆயுத பூஜைக்கு நாலு நாள் இருந்தது.

அப்பா சின்னதாய் ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார், பம்ப்புக்கு ஷாஃப்ட் கடைகிற பட்டறை. அவர் எதையும் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை. ஆனாலும் எனக்குப் பயம். பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாய் வீடியோ காலில் உட்கார்ந்து போடலாம், அதுவரை யாரும் தொட வேண்டாம் என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை.

"அப்பா, இதை ஒரு ஷோகேஸ் பொருளா நினைக்காதீங்க. தட்டும் சரி, பிளேயரும் சரி, உங்க லேத் மாதிரி. அதே மரியாதையோட பாத்துக்கோங்க."

"சரிங்க அம்மணி," என்றார். "லேத் மாதிரியே பாத்துக்கறனுங்க."

எங்கள் பக்கம் அப்பாக்கள் மகளையும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்கள். இந்த 'ங்க' இருக்கிறதே, அதைக் கேட்டால் எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தோன்றிவிடும்.

4

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்கு மத்தியானம் ஒரு மணி. எனக்குக் காலை ஒன்பதரை. கால் எடுத்தவுடன் அப்பா முகம் முழுக்கச் சிரிப்பு. "எல்லாம் ரெடிங்க அம்மணி. டிவி சவுண்ட் பாக்ஸுல ஒயர் சொருகியாச்சு. பாருங்க" என்று போனைத் திருப்பினார்.

பிளேயரின் மூடியில் விபூதிப் பட்டை. கதம்பப் பூ. சரி, அது பரவாயில்லை, துடைத்துக்கொள்ளலாம்.

அடுத்து தட்டைக் காட்டினார். கருப்புத் தட்டில், பள்ளங்களின் மேல், சமமான இடைவெளியில் மூன்று சந்தனப் பொட்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் குங்குமம். சந்தனம் காய்ந்து ஓரம் வெடித்திருந்தது.

என் வாயில் வந்ததெல்லாம் ஜெர்மனில் வந்தது. நாலு வருஷத்தில் என் கோபத்தின் மொழி மாறிவிட்டது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்பாவுக்கு வார்த்தை புரியவில்லை, தொனி புரிந்துவிட்டது. சிரிப்பு நின்றது.

"என்னங்க அம்மணி?"

"யாருப்பா இதுல பொட்டு வெக்கச் சொன்னது?"

"பூஜைக்குங்க. நீங்கதானுங்களே லேத் மாதிரின்னு சொன்னீங்க. லேத்தைக் கழுவிப் பொட்டு வெக்காம எப்படிங்க? வருசத்துக்கு ஒருக்கா அதுக்கும் ஓய்வு, மருவாதி..."

"கழுவினீங்களா? எதுல?"

"சும்மா ஈரத்துணியிலங்க. பயப்படாதீங்க, சிறுவாணித் தண்ணிதான்."

"அப்பா! ருசி பாக்கவா போறோம்?"

நான் நிறுத்தவில்லை. "அந்த நடுவுல காகிதம் இருக்குதில்ல, வெச்சே தீரணும்னா அதுல வெச்சிருக்கக் கூடாதா? இந்தப் பக்கம் வேற! எந்தப் பக்கம்னு பாத்தீங்களா?"

"பாத்துத்தானுங்க வெச்சேன்." குரல் இறங்கிவிட்டது. "இந்தப் பக்கந்தான் உங்கம்மா பேரு அச்சடிச்சிருக்குது. நடுவுல வெச்சா பேரு மறைஞ்சு போயிருமுங்களே. அதான் தள்ளி வெச்சேன்."

அம்மா பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். உதடு அசைந்தது. காற்று மைக்கில் ஏறவில்லை. அப்பா மொழிபெயர்த்தார்: "போயிருச்சான்னு கேக்கறா."

"தெரியலை," என்றேன். அது உண்மை. சந்தனம் மெல்லிய தூள்தான், ஊறினால் வரலாம். குங்குமத்தில் என்ன கலந்திருக்கிறார்களோ, அதில் ஒரு பொடி மணல் இருந்தாலும் போதும். தேய்த்தால் பள்ளம் கீறும். விட்டால் ஊசி அதன் மேல் ஏறி இறங்கும். தட்டில் பாட்டு இருக்கும் இடத்தின் மேலேயே மூன்றும் உட்கார்ந்திருந்தன. அந்த இரண்டு வரி எந்தப் பொட்டுக்கு அடியில் என்று யாருக்குத் தெரியும்?

அப்பா ஏதோ எடுக்கக் கை நீட்டினார். பார்த்தால் பட்டறையின் பனியன் துணி. திருப்பூரிலிருந்து மூட்டையாக வரும் வெட்டுத்துணி. கோயமுத்தூரில் அதைத் தொடாத இரும்பு கிடையாது. அதில் பிசிறு, எண்ணெய், கண்ணுக்குத் தெரியாத இரும்புத் தூள்.

"அதைத் தொடாதீங்க!"

கை நடுவிலேயே நின்றது. பிறகு எழுந்து, கேமராவை விட்டு வெளியே போய்விட்டார். செருப்புச் சத்தம், கேட் சத்தம்.

அம்மா போனை எடுத்துத் தன் வாய்க்கு ஒட்டி வைத்துக்கொண்டாள். "நீ கத்தறது அடுத்த ஊட்டுக்குக் கேக்குது. அந்த மனுசன் பூசை நோம்பியன்னிக்கு விடியக்காலம் எந்திரிச்சுத் தலைக்குத் தண்ணி வாத்துட்டு, முதல்ல லேத்துக்கு வெக்கல. இதுக்குத்தான் வெச்சாரு."

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அப்போது இருந்ததெல்லாம் ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு வாய். அந்த வாயைத்தான் தப்பாய் உபயோகித்திருந்தேன்.

"இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தற தண்ணி இருக்குதாம்மா? டிஸ்டில்டு வாட்டர்? மூடி பிரிக்காத கேன்?"

இருந்தது. நம்மூரில் எந்த வீட்டில் இல்லை! பாத்திரம் தேய்க்கும் சோப்பு நீர் ஒரே ஒரு சொட்டு. இன்னும் பிரிக்காத ஷேவிங் பிரஷ் ஒன்று. கலக்கி வைக்கச் சொன்னேன். காகித வட்டம் நனையாமல் எப்படிக் கழுவுவது என்பதுதான் மிச்சம். கடையில் அதற்கென்று ஒரு வளையம் இருக்கிறது. சிங்காநல்லூரில் அதற்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே கேட் சத்தம் கேட்டது.

அப்பா வந்தார். கையில் வட்டமாய் வெட்டிய இரண்டு ரப்பர் துண்டு, பம்ப்புக்குப் போடும் கேஸ்கெட் ரப்பர், ஒரு போல்ட், ஒரு நட்டு. ரப்பரைக் காகித வட்டத்துக்கு இருபுறமும் வைத்து நடு ஓட்டையில் போல்ட்டைக் கோத்தார். கடையில் இருப்பது இதேதான், இதைவிட விலை அதிகம், அவ்வளவுதான்.

"ரொம்ப முடுக்காதீங்க, வெடிச்சிரும்," என்றேன், இந்தத் தடவை மெதுவாக.

"வெரல்ல முடுக்குனாப் போதுமுங்க." என்னைப் பார்க்காமலே சொன்னார். தட்டைக் கண்ணுக்கு நேராகச் சாய்த்தார். "இது ஸ்க்ரூ மரை மாதிரிதானுங்களே. வெளிய இருந்து உள்ள வரைக்கும் ஒரே மரை. பிரஷ் அதோட போகணும், குறுக்க போகப்படாது. சரிதானுங்களா?"

"சரிதாங்கப்பா."

சொட்டுச் சொட்டாய்ப் பொட்டுகளின் மேல் தண்ணீர் விட்டார்கள். கால் மணி நேரம் ஊற வேண்டும். மூன்று பேரும் ஒரு தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சந்தனம் கருத்தது, உப்பியது. குங்குமம் கரைந்து சிவப்பாய் ஒரு கோடு ஓடியது. அம்மா புடவைத் தலைப்பைச் சுருட்டிச் சுருட்டி விட்டாள்.

அப்பா பிரஷ்ஷை எடுத்தார். எடுத்து, திரும்பக் கீழே வைத்தார். "என்ர கை இப்பச் சரியில்லீங்க அம்மணி."

நூலிழை அளவைக் கையால் தடவியே சொல்லும் மனுஷர். அந்தக் கையைச் சரியில்லாமல் ஆக்கியவள் நான்தான்.

அம்மா அந்தப் பிரஷ்ஷை எடுத்தாள். தண்ணீரில் தோய்த்தாள். முதல் பொட்டின் மேல் வைத்தாள்.

போன் அணைந்தது.

5

அப்பா போனின் பேட்டரி. காலையிலிருந்து எல்லோருக்கும் பூஜைப் படம் அனுப்பியிருப்பார்.

திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். அணைந்திருக்கிறது என்றது. அம்மாவின் போனுக்கு அடித்தேன். அது எங்கேயோ உள்ளறையில், அவள் தொடாமல் விட்ட இடத்தில், அடித்து அடித்து ஓய்ந்தது. இருபது தடவை இருக்கும். எழுந்து நடந்தேன். உட்கார்ந்தேன். கீழ்வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை அமைதி நேரம் என்று தன் கூரையில் தட்டினார். இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை நடப்பதற்குக்கூட மெதுவாக நடக்க வேண்டும்.

அழுத்தித் தேய்க்காதே என்று சொன்னேனா? சொல்லவில்லை. சோப்புத் தண்ணீருக்குப் பிறகு வெறும் தண்ணீர் விட்டு அலச வேண்டும் என்று? சொல்லவில்லை. காயும் முன் ஊசியை வைக்கக் கூடாது என்று? அதையும் சொல்லவில்லை. கத்தியதில் பாதி நேரம் போய்விட்டது.

பன்னிரண்டு மணிக்குப் பக்கத்தில் அப்பா கூப்பிட்டார். முகம் தெரியவில்லை, கூரை தெரிந்தது. போனைச் சார்ஜரில் போட்டபடி படுக்க வைத்திருந்தார்.

"அம்மணி."

"சொல்லுங்கப்பா."

"பாடுச்சுங்க."

"போட்டுட்டீங்களா? நான் இல்லாமலா?"

"உங்கம்மா நிக்கலீங்க. காஞ்சதும் வெச்சுப்போட்டா. நான் சித்தெ பொறு, புள்ள கூப்பிடட்டும்னு சொல்லிப்போட்டேன். கேக்கலீங்க."

"எப்படி இருந்துச்சு?"

"குங்குமம் கொஞ்சம் உள்ளயே நின்னுபோச்சுங்க. சுத்துக்கு மூணு தடவை 'டக்'குங்குது. ஆனா அந்த ரெண்டு வரி..." மூக்கை உறிஞ்சினார். "கல்யாணமாகி முப்பத்திரண்டு வருசம். இந்தத் தொண்டை எனக்குத் தெரியாதுங்க அம்மணி. என்ர ஊட்டுல அவ பாடுனதே இல்லீங்க. நானும் கேட்டதே இல்லீங்க."

6

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது. பேசாமல் இருந்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தி 'டக்'கிலேயே நின்றுவிட்டது.

"அப்பா, இனிமேல் போடாதீங்க. துகள் உள்ள இருக்கு. அதோட ஊசி ஓடினா ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா உரசும். உறையில போட்டு நிமித்தி வெச்சிருங்க. மேக்கால வெயில் படற செவுத்துகிட்ட வேண்டாம், இன்வெர்ட்டர் பக்கத்துல வேண்டாம். நான் வந்து ஒழுங்காக் கழுவறேன். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை மட்டும், போனைப் பக்கத்துல வெச்சு ரெக்கார்ட் பண்ணி அனுப்புங்க."

கூரை ஆடியது. அம்மாவின் முகம் வந்தது. வாயைப் போனோடு ஒட்டிக்கொண்டதால் கன்னமும் ஒரு கண்ணும்தான் தெரிந்தது.

"எப்ப வருவே?"

"அட்டை புதுப்பிக்கப் போயிருக்கும்மா. மறுபடியும் அந்தத் தாள்தான் கையில..."

"அதுவரைக்கும் சும்மா நிக்க வெச்சுப் பாத்துட்டு இருக்கோணுமா?"

"தேஞ்சிரும்மா."

"தேயட்டும் கண்ணு."

"அம்மா, உலகத்துலயே அது ஒண்ணுதான் இருக்கு."

"எனக்குத் தெரியாதா? அது என்ர தொண்டை. நாப்பத்தேழு வருசம் பொடவைக்கு அடியில பத்திரமா வெச்சிருந்தேன். பத்திரமா வெச்சு என்ன ஆச்சு?" மூச்சு வாங்கினாள். "தினமும் காலையில பத்து மணிக்குப் போடப்போறேன். உங்கப்பனும் பட்டறையில இருந்து வரேன்னு சொல்லியிருக்கறாரு."

"சரி, ரெக்கார்ட் பண்ணியாவது..."

"மாட்டேன்."

"ஏம்மா?"

"போன்ல கேட்டுட்டா நீ வரமாட்டே."

அதில் கோபம் இல்லை. வெங்காயம் விலை சொல்வது மாதிரிச் சொன்னாள். ஆபரேஷன் நாளைப் பற்றி இரண்டு வருஷமாய் அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

இது நடந்து பதினோரு நாளாகிறது. இந்த மாதத்தோடு நான் இங்கே வந்து நாலு வருஷம். கூட்டாளிகள் கேக் வெட்டலாம் என்றார்கள். நான் அன்றைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டையைச் சீக்கிரம் தரச் சொல்லும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன். 'அவசரத்தின் காரணம்' என்று ஒரு கட்டம். முதலில் 'குடும்ப விஷயம்' என்று எழுதினேன். போன தடவையும் அதைத்தான் எழுதியிருந்தேன், அதனால் அழித்தேன். 'தாயாரின் உடல்நிலை' என்று எழுதினேன். அம்மா நன்றாகத்தான் இருக்கிறாள், அதையும் அழித்தேன். கடைசியில், என் ஜெர்மன் எவ்வளவு தூரம் வருமோ அவ்வளவு தூரம், உள்ளதை உள்ளபடி எழுதினேன்: என் அம்மாவின் குரல் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தேய்கிறது, முழுவதும் தேயும் முன் நான் அதைக் கேட்க வேண்டும்.

அதற்குக் கீழே, 'ஆதாரத்தை இணைக்கவும்' என்று இன்னொரு கட்டம். அதைக் காலியாக விட்டு அனுப்பிவிட்டேன். இன்னும் பதில் இல்லை.

இதை எழுதும்போது இங்கே காலை ஆறரை, இன்னும் இருட்டு. ஊரில் மணி பத்து. ஊசி இறங்கியிருக்கும்.